விடாத கை

போன ஜூன் மாதம், பள்ளிகள் திறந்த வாரம். பால் பாக்கெட்டுடன் படியேறிக்கொண்டிருந்தபோது இரண்டாம் தளத்துப் பெண் என்னை நிறுத்தினாள். "அக்கா, நீங்கள் கராத்தே கற்றவர் என்று சொன்னார்களே. என் பெண்ணுக்கு ஒன்பது வயதாகிறது. எதில் சேர்க்கலாம்? கராத்தேயா, சிலம்பமா, பாக்ஸிங்கா? நாளைக்கே ஓர் ஆபத்து என்றால் எது கைகொடுக்கும்?" ஒன்பது வருடம் கராத்தே கற்றவள் நின்ற இடத்திலேயே பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அது. "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். யோசித்து முடிக்க எட்டு மாதம் ஆனது.

பதில் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் பெண்களுக்கான தற்காப்பு முகாம் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு மணி நேரம். வந்திருந்த பயிற்சியாளர் இளைஞர், அக்கறையானவர், குரலில் மரியாதை இருந்தது. ஐந்து உத்திகள் கற்றுக்கொடுத்தார். முதல் உத்தி, மணிக்கட்டை ஒருவன் பிடித்துக்கொண்டால் விடுவித்துக்கொள்வது. என் மகளை முன்னால் அழைத்து, அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தார். "பிடியில் கட்டைவிரல் இருக்கும் பக்கம்தான் பலவீனம். அந்தப் பக்கமாகத் திருப்பி இழு" என்றார். அவள் திருப்பினாள், கை வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்றிரவு அவள் தன் அப்பாவிடம் கையை நீட்டினாள். "பிடியுங்கள் அப்பா." அவர் ஒரு கையால் பிடித்தார், அவள் விடுவித்துக்கொண்டாள். "இன்னும் கெட்டியாகப் பிடியுங்கள்." இந்த முறை அவர் இரண்டு கைகளாலும் பிடித்து, அவள் திருப்பிய பக்கமே தானும் நகர்ந்து, அவளைத் தன் பக்கம் இழுத்தார். மனிதர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். அவள் நான்கைந்து முறை முயன்றாள். முதலில் சிரித்துக்கொண்டே செய்தாள், பிறகு சிரிப்பு நின்றது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் உடனே கையை எடுத்துவிட்டார். அவளுக்கு வயது பதின்மூன்று. மணிக்கட்டில் சிவந்திருந்த நான்கு விரல் தடத்தைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அம்மா, அப்படியானால் காலையில் அந்த மாஸ்டர் ஏன் கையை விட்டார்?"

இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. கராத்தே பெரிதா, குத்துச்சண்டை பெரிதா என்ற பேச்செல்லாம் இதற்கு முன்னால் எனக்குச் சிறுத்துப் போய்விட்டது. பிடித்தவர் ஏன் விட்டார்?

காடாத் துணி உடுப்பு

நான் கராத்தேயில் சேர்ந்தது 1988ல், பெரம்பூரில், எட்டு வயதில். உடுப்பு விலைக்கு வாங்க வசதியில்லை. அம்மா காடாத் துணி எடுத்துத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தார். துவைக்கத் துவைக்க அது விறைத்துக்கொண்டு, கையை நீட்டும்போது சடக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் குத்து சரியாக இருக்கிறது என்று மாஸ்டர் சொல்வார். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு, ஜப்பானிய மொழியில் இச், நி, சன் என்று எண்ணிக்கொண்டு, வாரத்தில் நான்கு நாள். அந்த ஒன்பது வருடங்களுக்கு நான் என்றும் கடன்பட்டவள். நிமிர்ந்து நிற்கக் கற்றேன். வலியோடு ஒரு வேலையை முடிக்கக் கற்றேன். ஆண் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று அவர்களுக்குச் சமமாக வியர்த்தேன். பெரம்பூரில் அந்தக் காலத்தில் ஒரு பெண் குழந்தைக்கு இது சிறிய விஷயம் இல்லை.

ஆனால் மகளின் கேள்விக்குப் பிறகு, ஒன்றை நினைத்துப் பார்த்தேன். இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சியில் எதிரில் நிற்பவர் ஓரடி முன்வைத்து, நெஞ்சுக்கு ஒரு குத்து விடுவார். குத்தியபின் கையை நீட்டியபடியே நிற்பார். நான் தடுத்து, திருப்பிக் குத்தி, காலைத் தட்டி, அத்தனையும் முடிக்கும்வரை அந்தக் கை அங்கேயே நிற்கும். ஒன்பது வருடத்தில் ஒருவர்கூடக் குத்திய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டது எனக்கு நினைவில்லை. நானும் பிறருக்காக அப்படியே நின்றிருக்கிறேன். அது ஒத்துழைப்பு. கற்கத் தொடங்குபவருக்கு அந்த ஒத்துழைப்பு வேண்டும். கடைசிவரை அது மட்டுமே கிடைத்தது என்பதுதான் என் மனத்தாங்கல்.

கராத்தேயின் மேன்மையே கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில், 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களின் இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரிக் ஹமேதி முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட உயர உதை பட்டு ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதே நினைவிழந்து விழுந்தார். அளவுக்கு மீறிய பலத்தோடு அடித்ததற்காக ஹமேதி தகுதிநீக்கம் செய்யப்பட்டார், தங்கம் விழுந்தவருக்குப் போனது. விதிப்படி அந்தத் தீர்ப்பு சரியானதே. தொடும் இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும் என்பது அந்த விளையாட்டின் ஒழுக்கம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆயிரம் முறை நிறுத்திப் பழகிய கை, நிறுத்தக்கூடாத நாளிலும் நின்றுவிடும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கம்பும் குத்தும்

ஜூலையிலிருந்து ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் சிலம்பம், மகள் கேட்டாள் என்பதற்காக. பெசன்ட் நகர்க் கடற்கரையில் விடியற்காலையில் கற்றுக்கொடுக்கும் ஓர் ஆசான் அவளைச் சேர்த்துக்கொண்டார். நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு. ஆனால் முதல் ஆறு வாரம் கம்பைவிடக் காலடிக்குத்தான் வேலை அதிகம். மணலில் கால் புதைய, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடிவைத்துக்கொண்டே இருந்தாள். சுற்றிலும் கம்பு வீசி, யாரும் நெருங்க முடியாதபடி தன்னைச் சுற்றி ஓர் எல்லை வகுத்துக்கொள்வதைச் சிலம்பத்தில் வீடு கட்டுவது என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட அன்று நான் மணலில் உட்கார்ந்தே விட்டேன். நம் உடம்பைச் சுற்றி நமக்கென்று ஒரு வீடு இருக்கிறது, அதற்குள் கேட்காமல் எவரும் நுழையக்கூடாது. இதைவிடத் தெளிவாகத் தற்காப்பை வேறெந்தக் கலையும் எனக்குச் சொன்னதில்லை.

நகரத்தில் யாரும் கம்போடு நடப்பதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் தொடுமுறைப் போட்டியில், எதிரி கம்பு நுனியால் உடம்பைத் தொட்டால் புள்ளி போய்விடும். இருவரில் ஒருவரும் மற்றவருக்காகக் காத்து நிற்பதில்லை. மூன்று மாதத்தில் என் மகளின் விரல் கணுக்களில் தழும்பு விழுந்தது, கூடவே ஒரு கணக்கும் அவளுக்குள் விழுந்தது. எதிரில் வருபவர் இன்னும் எத்தனை அடி வைத்தால் தன்னைத் தொட முடியும் என்பதை அவள் கண் தானாக அளக்கிறது. திருவான்மியூர் சந்தையில் அவளோடு நடந்தபோது பார்த்தேன். ஒருவர் இடிப்பதுபோல வந்தார். அவள் பேச்சை நிறுத்தாமலே ஒரு சாய்வடி வைத்து விலகினாள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது மனம் நிறைந்தது. அந்த மேடை இன்னும் பெரிதாக வேண்டும்.

அடுத்து வடசென்னைக்குப் போனேன், ராயபுரத்துக்குப் பக்கத்தில். குத்துச்சண்டை அங்கே விளையாட்டு என்பதைத் தாண்டி, பரம்பரை பரம்பரையாக வந்த மானம். 1980ல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியதை இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலச் சொல்லும் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, தலைக்கவசம் போட்ட என் நெற்றியில் மெதுவாகத்தான் தட்டினாள். என் கண்கள் இரண்டும் மூடிக்கொண்டன. அவள் மறுபடி தட்டினாள், மறுபடியும் மூடின. "கண்ணை மூடாதீர்கள் அம்மா. மூடினால் அடுத்தது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது" என்றார் பயிற்சியாளர். குத்து வருகிறது, திரும்பிப் போகிறது, இன்னொன்று வருகிறது. எந்தக் கையும் எனக்காக நீட்டியபடி நிற்கவில்லை. தற்காப்புக்குப் புறப்படும் எவரும் ஒரு மாதமாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று அன்றே முடிவுசெய்தேன். ஒரே ஓர் எச்சரிக்கை: உறையும் கட்டுத்துணியும் இல்லாத வெறும் முஷ்டியால் மண்டையில் குத்தினால் முதலில் உடைவது பெரும்பாலும் நம் விரலெலும்புதான். தெருவில் உள்ளங்கையின் அடிப்பாகம் மேல்.

இருபது நொடி

ஜூடோ கூடத்துக்குக் கடைசியாகத்தான் போனேன். மகளுக்காகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் எண்ணம்.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882ல் டோக்கியோவில் ஒரு கோயிலின் 12 பாய் விரித்த சிறு அறையில் தன் பள்ளியைத் தொடங்கினார். ஜூடோவுக்கு மூலமான பழைய ஜப்பானியச் சண்டைக்கலை ஜுஜுத்சுவில் கண்ணைக் குத்துவது, எலும்பை முறிப்பது என்று கொடிய உத்திகள் பல இருந்தன. அவற்றை அவர் ராண்டோரி என்னும் கட்டற்ற பயிற்சியிலிருந்து விலக்கி, கட்டா என்னும், முன்கூட்டியே வகுத்த அசைவுகளின் வடிவில் மட்டும் வைத்துக்கொண்டார். முழுப் பலத்தோடு, எதிராளி முழுப் பலத்தோடு எதிர்க்கும்போதும் செய்யக்கூடிய எறிதல், அமுக்குதல், நெரித்தல், முழங்கை மடக்கு இவை மட்டும் ராண்டோரியில் மிஞ்சின. கொடுமை குறைந்தது, பலம் கூடியது. கொலைகார உத்தியை யார் மேலும் முழுதாகச் செய்து பழக முடியாது, மென்மையானதைத் தினமும் செய்யலாம். இந்த ஒரு முடிவு எனக்குப் பெரும் அறிவாகத் தோன்றுகிறது. அவருடைய மாணவர் மிட்சுயோ மயேடா பிரேசிலுக்குக் கொண்டுபோன வித்தைதான் அங்கே வேறொரு வடிவம் எடுத்தது. 1993 நவம்பரில் டென்வரில், வெவ்வேறு கலைக்காரர்கள் மோதிக்கொண்ட முதல் யுஎஃப்சி போட்டியில், அந்த வடிவத்தைக் கற்ற, ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றபோது, எந்தக் கலை பெரிது என்ற வாதம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். அங்கே எதிராளி ஒருவன்தான். அவனுடைய நண்பர்கள் யாரும் பின்னால் கல்லோடு வரவில்லை. ஆகவே வாதம் முடியவில்லை, முடியவும் வேண்டாம்.

அந்தக் கூடத்தில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி இருந்தாள். எடை 52 கிலோ. நான் அவளைவிட 12 கிலோ அதிகம். "சும்மா ஒரு முறை படுத்துப் பாருங்கள் அக்கா. நான் அமுக்குகிறேன், நீங்கள் எழுந்திருங்கள். இருபது நொடி" என்றாள். போட்டியில் எதிராளியை இருபது நொடி மல்லாக்க அமுக்கி வைத்தால் முழு வெற்றி. கேசா கதாமே என்ற பிடி. என் வலப்பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கையை என் கழுத்துக்குக் கீழே விட்டு வளைத்தாள், என் வலது கையைத் தன் அக்குளில் இறுக்கினாள், விலாவை என் நெஞ்சின்மேல் சாய்த்தாள். முரட்டுத் துணி கன்னத்தில் உரசியது. சலவை சோப்பும் வியர்வையும் கலந்த மணம். அவளுடைய மூச்சு என் காதருகில், தூங்குபவள் மூச்சுபோலச் சீராக வந்துகொண்டிருந்தது.

முதல் ஐந்து நொடி இடது கையால் அவளைத் தள்ளினேன். மலையைத் தள்ளுவதுபோல இருந்தது. அடுத்த ஐந்து நொடியில் காலை உதைத்தேன், முதுகை வளைத்தேன், என் பலம் முழுவதும் அங்கேயே தீர்ந்தது. மூச்சு உள்ளே போக மறுத்தது. பன்னிரண்டாவது நொடி என்று நினைக்கிறேன், நான் போராடுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்த முடிவு செய்யவில்லை, உடம்பு தானாக உறைந்தது. கை தளர்ந்தது, கண் மேலே சுழலும் மின்விசிறியில் நிலைத்தது, சத்தமெல்லாம் தூரமாகப் போனது. அந்த நிலை எனக்குப் புதிதாக இல்லை. அந்த இடத்துக்கு நான் ஏற்கெனவே ஒரு முறை போயிருக்கிறேன்.

அவள் உடனே விட்டுவிட்டாள். "கழுத்து வலிக்கிறதா அக்கா?" என்றாள். நான் பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

1997. கல்லூரியில் முதல் வருடம், எனக்கு வயது பதினேழு. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ், காலை நெரிசல். இடது கை மேல்கம்பியில், வலது கையில் புத்தகமும் பஸ் பாஸும். பின்னால் ஓர் ஆள் வந்து ஒட்டி நின்றான். அது நெரிசல் இல்லை என்று தெரிய எனக்கு அரை நிமிடம் ஆனது. அதற்கு முந்தைய வருடம்தான் பிரவுன் பெல்ட், கறுப்புக்கு முந்தைய படி, வாங்கியிருந்தேன். பின்னால் நிற்பவனின் விலாவில் முழங்கையால் இடிக்கும் அடியை எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பேன்! அவன் விலா சரியாக அங்கேதான் இருந்தது. நான் மூன்று நிறுத்தம்வரை அசையாமல் நின்றேன். கம்பியைப் பிடித்த என் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது நிறுத்தத்தில் அவன் இறங்கிப் போனான், ஜன்னல் வழியாகத் தெரிந்த முதுகு, கையில் ஒரு டிபன் கேரியர். யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதமே கராத்தேக்குப் போவதை நிறுத்தினேன். படிப்பு இருக்கிறது என்று மாஸ்டரிடம் சொன்னேன்.

இத்தனை வருடமும் என்னை வருத்தியது அடிக்காமல் விட்டது அல்ல. கத்தாமல் விட்டதுதான். கராத்தேயில் அடியோடு சேர்த்து அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் எழுப்ப வேண்டும், கியாய் என்பார்கள். எங்கள் வகுப்பில் என் கியாய்தான் பெரியது, தெருக்கோடிவரை கேட்கும் என்று அம்மாவே சொல்வார். அந்தக் குரலிலிருந்து, "தள்ளி நில்" என்ற இரண்டு சொல்லை அந்தக் காலையில் என்னால் எடுக்க முடியவில்லை. வகுப்பில் மாஸ்டர் கட்டளையிடுவார், நான் கத்துவேன். பஸ்ஸில் கட்டளையிட யாரும் இல்லை. வகுப்பில் எதிரி முஷ்டியை உயர்த்திக்கொண்டு, தான் எதிரி என்று முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டு வருவான். பஸ்ஸில் இருந்தவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நானே தவறாக நினைக்கிறேனோ, கத்தினால் எல்லோரும் என்னைத்தானே திரும்பிப் பார்ப்பார்கள் என்று எண்ணி எண்ணியே மூன்று நிறுத்தம் போய்விட்டது.

அடுத்த வருடம், 1998ல், சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இத்தகைய துன்புறுத்தலில் உயிரிழந்தபின், தமிழ்நாடு அரசு ஈவ் டீசிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சீண்டல், கேலி என்று பொருள்படும் அந்தச் சொல்லை அன்றும் வெறுத்தேன், இன்றும் வெறுக்கிறேன். பின்னால் சட்டத்தின் பெயரில் துன்புறுத்தல் என்று மாற்றினார்கள். அந்தச் சொல்தான் நியாயம்.

"விடு" என்று சொல்ல

ஜூடோ கூடத்திலிருந்து வந்தபின் நிறையப் படித்தேன். என் மனத்தில் நின்றது கனடாவில் நடந்த ஓர் ஆய்வு. 2015ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் 893 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 மணி நேரப் பயிற்சி, மற்றதற்குத் துண்டறிக்கைகள் மட்டும். ஒரு வருடத்தில் வன்புணர்வுக்கு ஆளாகும் ஆபத்து, துண்டறிக்கைக் குழுவில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்றவர்களிடம் 5.2 சதவீதம். வெறும் 12 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது! அந்தப் பயிற்சியின் நான்கு பகுதிகளில் உடலால் எதிர்த்துத் தாக்குவது ஒரு பகுதி. மற்ற நேரமெல்லாம், ஆபத்து நெருங்குவதை முன்கூட்டியே உணர்வது, தெரிந்த மனிதர் எல்லை மீறும்போது அதை ஒப்புக்கொள்ளத் தயங்கும் மனத்தைத் தாண்டுவது, தனக்கு என்ன வேண்டும் என்ன வேண்டாம் என்று சொல்லப் பழகுவது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது பஸ் கம்பியைப் பிடித்த என் விரல்கள்தான் கண்முன் வந்தன.

நம் ஊரில் இந்தத் தயக்கத்துக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது மொட்டை மாடியில். சனிக்கிழமை மாலைகளில் நானும் மகளும் அவள் அப்பாவும் பயிற்சி செய்யத் தொடங்கினோம். அவர் பிடிப்பார், விடமாட்டார். அவள் குரலை உயர்த்தி விடச் சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் சொன்னது, "விடுங்கள் அப்பா." இது விளையாட்டு, அப்பாவை மறந்துவிடு, இவர் யாரோ ஒருவர் என்றேன். "விடுங்கள் அங்கிள்" என்றாள். எங்கள் வீட்டில் பெரியவர்களை மரியாதைப் பன்மையில்தான் அழைக்க வேண்டும். அதை அவளுக்குப் பழக்கியவள் நான், தவறினால் கண்டித்தவளும் நான்தான். தெரிந்தவர், டியூஷன் எடுப்பவர், அப்பாவின் நண்பர், உறவில் பெரியவர், யாராக இருந்தாலும் கை வைக்கிற நேரத்தில் அவள் வாயில் முதலில் வரப்போவது அந்த "ங்கள்"தான். கெஞ்சலாகவே அது வெளியே வரும். பிடித்திருப்பவனுக்கு அந்தத் தொனி புரியும். "விடு" என்று அவள் முதன்முறை சொல்ல மூன்று சனிக்கிழமை ஆனது. சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தாள். "இன்னொரு முறை சொல், இன்னும் சத்தமாக" என்றார் அவர். அவர் கண் கலங்கியிருந்தது.

என் பயிற்சியும் நடந்தது. அந்த 52 கிலோ பெண் என்னை வாரம் இரண்டு நாள் அமுக்கினாள். கையால் தள்ளாதே, ஒருக்களித்துத் திரும்பு, முழங்கையை உள்ளே நுழைத்து இடம் உண்டாக்கு, இடுப்பை நகர்த்து, முதலில் மூச்சுவிடு என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தாள். நவம்பர்வரை ஒரு முறைகூட எழ முடியவில்லை. ஆனால் பன்னிரண்டாவது நொடியில் உறைந்துபோவது நின்றுவிட்டது. பிப்ரவரியில் ஐந்துக்கு ஒரு முறை வெளியே வருகிறேன். அவள் எனக்காக விட்டுக்கொடுப்பதில்லை, கேட்டுப் பார்த்தேன், கோபித்துக்கொண்டாள்.

இரண்டாம் தளத்துப் பெண்ணிடம் போன மாதம் பேசினேன். எந்தக் கலை என்று பார்க்காதே, வகுப்பில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார், பிடித்தவர் விடாமல் பிடிக்கிறாரா என்று பார் என்றேன். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல சிலம்ப ஆசான் இருந்தால் சிலம்பம், ஜூடோ கூடம் இருந்தால் ஜூடோ. கராத்தே என்றாலும் சரி, எதிரில் நிற்பவர் குத்திய கையை இழுத்துக்கொள்ளும் வகுப்பாக இருக்கட்டும். பயிற்சியாளர் பிள்ளைகளைத் தொடும்போது கேட்டுத் தொடுகிறாரா, பிள்ளை வேண்டாம் என்றால் உடனே நிறுத்துகிறாரா என்பதையும் கவனி. இல்லையென்றால் அன்றே அழைத்து வந்துவிடு. அவள் கணவர் அருகில் இருந்தார். "பெண் பிள்ளை யாரையாவது அடித்துவிட்டால் நம் மேலேயே வழக்கு வருமே" என்று தயங்கினார். சட்டத்தைச் சொன்னேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழும்போதே உடலைக் காக்கும் உரிமை தொடங்கிவிடுகிறது. அந்த அச்சம் நீங்கும்வரை தொடர்கிறது. தேவைக்கு மேல் காயப்படுத்தக்கூடாது என்பது வரம்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இதே உரிமை இருந்தது. 1997லும் அது எனக்கு இருந்தது.

போன சனிக்கிழமை மொட்டை மாடியில் இருட்டிவிட்டது. மகள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குச் சொல்லாமல் பின்னால் போய் இரண்டு கைகளாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கட்டைவிரல் பக்கம் திருப்பும் உத்தி எதையும் அவள் செய்யவில்லை. துணியைக் கீழே போட்டாள், இடுப்பைத் தாழ்த்திக் காலை ஊன்றினாள், என் முகத்துக்கு நேரே, "விடு! கையை விடு!" என்று கத்தினாள். எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. நான் விடவில்லை. அவள் மறுபடி கத்தினாள். கீழே ஒரு கதவு திறந்தது, படிக்கட்டில் விளக்கு எரிந்தது, யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. இரண்டாம் தளத்துப் பெண் கையில் கரண்டியோடு மூச்சிரைக்க மாடிக் கதவில் வந்து நின்றாள். அவள் பின்னால் அந்த ஒன்பது வயதுக் குழந்தை.

அப்போதுதான் நான் கையை எடுத்தேன். விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தை மட்டும் என் மகளின் சிவந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. மகள் அதன் முன்னால் மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

"பிடி. இரண்டு கையாலும் பிடி. நான் என்ன செய்தாலும் விடாதே."